வட்டிலப்பம் சேர் வரைந்த நாங்கள்

போன கிழமை மன்னார் நகரில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நின்றேன். யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் லமினேட் இயந்திரத்தின் வாயிலிருந்து சூடாக வழுகி வந்தது. உருகிய பிளாஸ்டிக்கின் அந்த மணமும், வெளியே காயும் கருவாட்டின் மணமும், உப்புக் காற்றும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரில் ஏதும் பிழை விட்டுவிட்டோமோ என்று பயந்திருப்பார், பாவம்.

ஒரு மனிதரைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் அவரை உயிரோடு, முன்னைவிட நிமிர்ந்து நடக்க வைக்கக் கூடியவர்கள் உலகத்தில் இரண்டே வகை. ஒரு வகை சத்திரசிகிச்சை வைத்தியர்கள். மற்ற வகையில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் வட்டிலப்பம் சேர்.

போர் முடிந்து, ஊர்கள் தங்கள் ஆட்களை ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் பெரியமடுப் பக்கத்து வயற்காரி. மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டிக்குக் கிட்ட, ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலையின் ஒரு பக்கத்துக்குக் கூரை வந்துவிட்டது. மறுபக்கத்தில் வானம் தற்காலிக நியமனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் பிள்ளைகளும் கழுதைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றார்கள். மணி அடித்தால் கழுதைகள்தான் முதலில் வகுப்புக்கு வரும்.

அங்கே கணினி படிப்பிக்க வந்தவர்தான் நம்முடைய ஆள். தொண்ணூறில், முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற்றப்பட்டபோது, சின்னப் பையனாக ஊரைவிட்டுப் புத்தளத்துக்குப் போனவர், தாடியோடு ஒரு பிள்ளையின் வாப்பாவாகத் திரும்பி வந்திருந்தார். வந்தது தனியாகத்தான். மனைவியும் மகள் ஸஹ்ராவும் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள். ஜனவரியில் மகள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடித்தால் குடும்பம் ஊருக்கு வரும். பிடிக்காவிட்டால் சேர் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தளத்துக்கே திரும்ப வேண்டும். இது மனைவி போட்ட தீர்ப்பு. சேர் இதை ஒளித்து வைக்கவில்லை. எங்களுக்குச் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார், அடையாள அட்டை பார்க்க வந்த பொலிஸ்காரருக்கும் சொன்னார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், மகள் கேக்குது, 'வாப்பா, அந்த ஸ்கூல்ல என்ன இருக்கு?' எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"என்னத்தச் சொல்ல? சுத்திப் பாத்தன். அரைவாசிக் கூரை இருக்கு. காலுடைஞ்ச கதிரை இருக்கு. 'என்ன இருக்கு' எண்டு கேட்டா நான் தோத்துடுவன் டீச்சர். 'யார் இருக்கிறாங்க' எண்டு அதைக் கேக்க வைக்கணும். அதுல நான் வெல்லுவன்."

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் தலைவிதி.

அவருடைய ஆயுதம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு வடிவமைப்புத் தளம். ஆயத்தமாக இருக்கும் மாதிரிகளில் ஒன்றைத் தெரிவுசெய்து, முகத்தை இழுத்துப் போட்டு, எது எவ்வளவு என்று சொன்னால் போதும், வட்டங்களும் நிறங்களும் தாமாகவே வந்து உட்காரும். தகவலைப் படமாக்கும் வித்தை என்று எங்கோ ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களாம். அந்த வித்தையால் பாடசாலையில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் கொண்டாடி ஒரு படம் செய்து, மகளுக்கு அனுப்புவது, பிறகு அச்சடித்து லமினேட் பண்ணிச் சுவரில் மாட்டுவது. இதுதான் திட்டம்.

ஆனால் எங்கள் பாடசாலையில் இணையம் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. தண்ணீர்த் தாங்கியின் உச்சி. சேர் மடிக்கணினியைச் சாரத்தால் இடுப்போடு கட்டிக்கொண்டு, இரும்பு ஏணியில் ஏறிப்போய், கச்சான் காற்றுக்குள் குந்தியிருப்பார். தாடி ஒரு பக்கம் பறக்கும், சேட் மறுபக்கம் பறக்கும். சில நாள் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம் அவருடைய கைபேசியைப் பிடித்துக்கொண்டுவிடும். மேலேயிருந்து கத்துவார்:

"டீச்சர்! நான் இப்ப இந்தியாவில நிக்கிறன்! வரவேற்பு மெசேஜ் வந்திருக்கு!"

கீழேயிருந்து எங்கள் காவலாளி செபமாலை அண்ணை பதில் கத்துவார். "விசா இல்லாமல் போகாதேங்கோ சேர்! இறங்கி வாங்கோ, மாதாவே! விழுந்தால் ஆர் அறிக்கை எழுதிக் குடுக்கிறது?"

சேவைக்காலம், பட்டம், தரம் எதையும் சேர் கேட்கமாட்டார். அதெல்லாம் கந்தோர்க் கோப்பில் இருக்கிறதுதானே என்பார். ஆளைப் பின்தொடர்ந்து பார்ப்பார். நீங்கள் தேத்தண்ணி குடித்தால் எதிரில் நின்று குடிப்பார். பிள்ளையை ஏசினால் தூணுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவார். ஒரு கிழமைக்குப் பிறகு உங்கள் வாழ்க்கை வட்டமாகிச் சுவரில் தொங்கும்.

முதல் பலி அதிபர். அச்சுக் கடையில் மற்ற நிறங்கள் முடிந்துபோய், படம் முழுக்க முழுக்கக் கபில நிறத்தில் வந்திருந்தது. நடுவே பெரிய வட்டம், வட்டத்துக்குள் சிறிதும் பெரிதுமாகத் துண்டுகள். செபமாலை அண்ணை அதன் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பெருநாள் முடிஞ்செல்லோ போச்சு? இப்ப ஆர் வட்டிலப்பம் வெட்டினது?"

அவ்வளவுதான். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்து, ஆறவிட்டுத் துண்டு போடுகிற அந்தப் பண்டத்தின் பெயர் அன்றைக்கே சேருக்கு ஒட்டிக்கொண்டது. வாப்பா உம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர்வாழ்ந்தது.

அதிபர் வந்து படத்தை வாசித்தார். வட்டத்தில் பாதிக்குமேல் ஒரே துண்டு. அதன் மேல் 'திறப்புத் தேடுதல்' என்று எழுதியிருந்தது.

"சேர், இது என்ன?"

"நீங்க காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் எல்லா அறையிட பூட்டுக்கும் திறப்புத் தேடுறீங்கதானே சேர். ஆய்வுகூடம், அலுமாரி, மலசலகூடம்... பிள்ளையள் ஒண்டும் வெளியில நிக்கக்கூடாதெண்டு தேடுறீங்க. அதுதான் பெருசாப் போட்டன்."

"அப்ப முகாமைத்துவம் எங்க?"

"அந்தா, ஒரு மெல்லிய கோடு தெரியுதே சேர். அது."

அதிபர் தன்னுடைய அறைக்குப் போனார். அறை பூட்டியிருந்தது. சட்டைப் பையைத் தடவினார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அடுத்தது செபமாலை அண்ணை. கழுதை துரத்துவதில் தீவிலேயே அவருக்கு நிகர் இல்லை. சேர் அந்தத் தளத்தில் கழுதைப் படம் தேடினார். பனி மனிதன் இருந்தான், பென்குவின் இருந்தது, பறக்கும் தட்டும் இருந்தது. கழுதை இல்லை. வேறு வழியில்லாமல் பாய்ந்து வரும் வெள்ளைக் குதிரை ஒன்றைப் போட்டுவிட்டார். மன்னார்க் கழுதைகளுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான். அண்ணை கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் படத்தைக் கைபேசியில் பிடித்துத் தன்னுடைய மச்சானுக்கு அனுப்பினார். "குதிரையையும் துரத்துவன் எண்டு அவனுக்கு விளங்கட்டும்."

மௌலவி விஷயம்தான் கொஞ்சம் சிக்கலானது. இஸ்லாம் பாடம் படிப்பிக்கும் மௌலவி சாந்தமான மனிதர். கொண்டாட்டத்துக்குரிய அடையாளம் எது என்று சேர் தளத்திடம் கேட்டிருக்கிறார். தளம் தனக்குத் தெரிந்த கொண்டாட்டத்தைக் கொடுத்தது. மௌலவியின் தலைக்கு இரு பக்கமும், நுரை பொங்க, இரண்டு கிண்ணங்கள்.

மௌலவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

"இது என்ன சேர்?"

"சர்பத், மௌலவி."

"சர்பத்துக்கு இவ்வளவு நீட்டுக் காலா?"

சேர் அன்றைக்கு இரண்டாம் முறையும் தாங்கியில் ஏறினார். கிண்ணங்கள் இருந்த இடத்தில் இரண்டு பேரீச்ச மரங்கள் வந்தன. உண்மையில் அவை ஏதோ ஒரு உல்லாசக் கடற்கரையின் தென்னைகள். மௌலவி பெருந்தன்மையோடு அவற்றைப் பேரீச்சை என்றே ஏற்றுக்கொண்டார்.

என்னுடைய படம் வந்தபோது நான் சிரிக்கவில்லை. என் வட்டத்தின் அரைவாசி 'யன்னலுக்கு வெளியே பார்த்தல்'.

"சேர், நான் படிப்பிக்கிறது எங்க?"

"அதுதான் டீச்சர் அது. நீங்க வெளியால பாப்பீங்க, கொஞ்ச நேரம் வகுப்பே மௌனமா இருக்கும். திரும்பினீங்க எண்டா ஒரு வசனம் சொல்லுவீங்க. அதைக் கேட்ட பிள்ளையள் பிறகு என்ர வகுப்புல கீபோட்ல அதையே அடிச்சுக்கொண்டிருக்குதுகள். நான் கண்டு பிடிச்சிட்டன்."

நான் மீண்டும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணைக் காட்ட விருப்பமில்லை.

இதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்பும் எங்கள் பெயர்களை யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். நிவாரணத்துக்கு எழுதினார்கள், கூரைத் தகரத்துக்கு எழுதினார்கள், வாசலில் துவக்கோடு நின்றவர்கள் வந்ததற்கும் போனதற்கும் எழுதினார்கள். எங்களுக்கு என்ன இல்லை என்பதை அறிவதற்காகவே எழுதப்பட்ட பெயர்கள். ஒரு மனிதர் காற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து, எங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதியது அதுதான் முதல் தடவை. கபில நிறத்தில் இருந்தால் என்ன? அந்தச் சுவரைக் கடக்கும்போது நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மெதுவாக நடக்கப் பழகிவிட்டோம்.

புத்தளத்திலிருந்தும் தீர்ப்புகள் வந்தபடி இருந்தன. சேர் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு எங்களுக்கும் கேட்கப் பண்ணுவார்.

"வாப்பா, குதிர மாமா நெசமாவே குதிர தொரத்துவாரா? அந்த யன்னல் டீச்சர் எனக்குப் படிச்சுத் தருவாங்களா?"

பின்னால் மனைவியின் குரல் வரும். "படத்துல எல்லாரும் நல்லவங்கதான். அங்க வந்து கூரைய யாரு பாக்குறது?"

சேரின் முகம் விரிந்து, பிறகு சுருங்கும். குடையை விரித்து மடக்குவது போல.

ஆசிரியர் தினம் வந்தது. அதற்கென்று சேர் ஒரு மகா வட்டம் தயாரித்தார். பாடசாலையே ஒரு வட்டம், அதற்குள் ஆளுக்கொரு துண்டு, துண்டுக்குள் முகம். மகளுக்கு அனுப்பும் கடைசிப் படமும் அதுதான் என்றார். "இதைப் பாத்துட்டு முடிவு சொல்லுறன் எண்டு உம்மாவும் மகளும் சொல்லிட்டாங்க டீச்சர்."

காலையில் துணியை விலக்கினோம். ஐந்து நிமிடம் கைதட்டு. கை ஓய்ந்ததும் கணித டீச்சர் கைப்பையைத் திறந்து பாகைமானியை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் துண்டு என்றால் துண்டுதான். அது தகவல் ஆகாது. விருந்தில் யாருக்கு எந்த அளவு துண்டு வைக்கப்பட்டது என்பதை மூன்று தலைமுறைக்கு மறக்காத சனம் நாங்கள். கணித டீச்சர் அளந்து முடித்து நிமிர்ந்தார்.

"விளையாட்டு சேருக்கு என்னைவிட அகலமான கோணம். ஏன்?"

"அவர் மெலிஞ்ச படம் தரேல்ல டீச்சர், முகம் கொள்ளேல்ல, அதால..."

"அப்ப நான் மெலிஞ்சதுக்கு எனக்குச் சின்னத் துண்டா?"

முகப்பருமனுக்காக மட்டும்தான் தனக்குப் பெரிய துண்டு என்று கேள்விப்பட்டு விளையாட்டு சேரும் கோபித்தார். மௌலவி தனக்குக் கிடைத்தது ஓரத் துண்டு என்று வாயால் சொல்லவில்லை, பெருமூச்சால் சொன்னார். நான் மட்டும் ஞானி என்று நினைக்காதீர்கள். செபமாலை அண்ணையின் துண்டுக்குப் பக்கத்தில் என்னுடையதை மனதுக்குள் நானும் வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஆசிரியர் அறையில் ஒரே கேத்தலில் இரண்டு தேத்தண்ணிக் கட்சிகள் உருவாகிவிட்டன. அதிபர் படத்தைக் கழற்றச் சொன்னார்.

சேர் மடிக்கணினியை இடுப்பில் கட்டினார். ஏணியில் ஏறிப் போய்விட்டார். கீழேயிருந்து பார்க்க, வானத்தின் ஓரத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு மூட்டை போல இருந்தார். சண்டை மூட்டிய படத்தை மகளுக்கு அனுப்ப முடியாது. படமில்லாவிட்டால் முடிவு இல்லை. முடிவு இல்லாவிட்டால் புத்தளம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கட்சித் தேத்தண்ணியும் ஆறிப்போனது.

பாடசாலை விடுகிற நேரம் அவர் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

"வெட்டினதுதான் பிழை," என்றார். "சகனை யாரும் வெட்டுறதா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் விருந்து என்றால் பாய் விரித்து, நடுவில் சகன் என்கிற பெரிய தட்டத்தில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். சுற்றியிருந்து எல்லோரும் அந்த ஒரே தட்டத்தில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். யாருடைய பங்கு எது என்று கோடு கிடையாது. சேர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். பெரிய வெறும் வட்டம். அதைச் சுற்றி, ஒரே அளவில், எங்கள் முகங்கள்.

கணித டீச்சர் பாகைமானியைக் கைப்பைக்குள் போட்டார். அளக்க ஒன்றும் இல்லை.

மௌலவி தாடியைத் தடவினார். "ஆம்பிளையளும் பொம்பிளையளும் ஒரே சகன்லயா சேர்? நடுவில ஒரு கோடு போட்டுடுங்களேன்."

"கோடு போட்டா திரும்பவும் துண்டாயிடும் மௌலவி."

மௌலவி இன்னொரு முறை திரையைப் பார்த்தார். "அப்ப வேணாம். எல்லாரும் தலையைக் குனிஞ்சு சாப்பிடுறம் எண்டு வச்சுக்கொள்ளுவம்."

சேர் மறுபடி ஏணியில் ஏறி இறங்க, படம் புத்தளத்துக்குப் போனது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தாங்கியின் நிழலில் எல்லோரும் கூடி நின்றோம். கைபேசி அழைத்தது. சேர் ஒலிபெருக்கியைத் திறந்தார்.

"வாப்பா, படம் வந்துச்சு. குதிர மாமாவுக்கும் யன்னல் டீச்சருக்கும் நடுவுல ஒரு இடம் சும்மா இருக்கு. அது யாருக்கு?"

சேர் மடிக்கணினித் திரையைக் குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவரவர் முகத்தைத் தேடிய அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அது சேருடைய இடம். காற்றில் இணையம் அறுந்து அறுந்து வந்ததில் அவருடைய படம் மட்டும் ஏறாமல் நின்றுவிட்டது. எல்லோரையும் பந்தியில் இருத்திய மனிதர், தானும் இருந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தார்.

"மகள், அது வந்து, சிக்னல் இல்லாம என்ர..."

செபமாலை அண்ணை கைபேசியைப் பறித்தார். "பிள்ளை! நான்தான் குதிரை மாமா கதைக்கிறன். அது உனக்குப் பிடிச்சு வச்ச இடம் கண்டியோ! கழுதை கிழுதை வந்து இருந்திடாமல் நான் காவல் நிக்கிறன். கெதியா வா!"

மறுமுனையில் கைபேசி கை மாறியது. பிறகு மனைவியின் குரல். "சகனச் சுத்தி இத்தன பேர இருத்திட்டீங்க. அப்ப ஆக்குறது யாரு?"

"நான்தான்," என்றார் சேர், மூச்சு விடாமல். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனிதர்.

புத்தளத்தில் அந்த அம்மா சிரித்த சிரிப்பு மன்னார்க் காற்றையும் மீறிக் கேட்டது. "அதப் பாக்குறதுக்காகவாவது வாறம்."

அதிபர் திரும்பி நின்று சட்டைப் பையைத் தடவினார். இந்த முறை தேடியது கைக்குட்டையை.

ஜனவரியில் ஸஹ்ரா வந்தாள். இரட்டைப் பின்னலும், பெரிய தண்ணீர்ப் போத்தலும், நிற்காத கேள்விகளும். முதல் நாளே செபமாலை அண்ணையிடம் குதிரை எங்கே என்று கேட்டு அவரை மைதானம் முழுக்க ஓடவிட்டாள். என் வகுப்பில் முன்வாங்கில் இருந்துகொண்டு, நான் வெளியே பார்க்கும்போதெல்லாம் தானும் பார்ப்பாள். ஒரு பள்ளித் தவணை அப்படிப் போனது. அதன் பிறகு, எத்தனையோ வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்து, மறந்தும் போயிருந்த இடமாற்றம் வந்து சேர்ந்தது. பெரியமடுவில் அப்பா தனியாக இருந்தார். படுக்கையிலும் விழுந்திருந்தார். போகாமல் இருக்க முடியாது.

சேர் என்னோடு கோபித்துக்கொண்டார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

"விளம்பரத்தில காட்டின சாமான் கடையில இல்லையெண்டா சனம் என்ன சொல்லும் டீச்சர்? உங்களைக் காட்டித்தானே நான் பிள்ளையைக் கூட்டிவந்தன்!"

"வேற டீச்சர் வருவா சேர்."

"வருவா. அவவும் நல்லாத்தான் இருப்பா. அது வேற கதை."

ஆனாலும் கடைசி நாள் என்னுடைய பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திவரைக்கும் வந்தவர் அவர்தான். மணலில் பெட்டியை வைத்துவிட்டு, கைபேசியைத் தூக்கித் தூக்கி வெளிச்சத்தில் எதையோ தேடுவதுபோல நின்றார். அன்றைக்கென்று பார்த்து பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது.

"சுவரில இருக்கிற என்ர படத்தை எடுத்துப்போட்டு, புது டீச்சரைப் போடுங்கோ சேர்," என்றேன், படியில் கால் வைத்தபடி.

அவர் பெட்டியை உள்ளே தள்ளினார். பிறகு பஸ்ஸின் சத்தத்துக்கு மேலால், ஏசுவதுபோலச் சொன்னார்:

"போங்க டீச்சர், போய் அப்பாவைப் பாருங்க. உங்கட படத்தை நான் எடுக்கமாட்டன். பிள்ளை கேட்டா, டீச்சர்ர பஸ் கொஞ்சம் பிந்துது எண்டு சொல்லுறன்."